பயந்துகொண்டே பாடிய ஆப்பராக்காரர்

எங்கள் சிங்காநல்லூர் அடுக்ககத்தில் மட்டுமல்ல, கோவை ஜில்லாவிலேயே ஆப்பராக்காரரைப் போலப் பயந்தவர் கிடையாது. குக்கர் விசில் அடித்தால் நெஞ்சைப் பிடிப்பார். கூரியர்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டால், “அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்று தன் பார்சலையே திருப்பி அனுப்பிவிடுவார்.

இளவயதில் சோவியத் நாட்டுக்கு என்ஜினீயரிங் படிக்கப் போனவர். தங்கியது ஒரு வயதான இசையமைப்பாளர் வீட்டில். அந்த மனிதர் ஆப்பரா எழுதியவர். முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம் அது. அந்தக் கதையையே ஓயாமல் சொல்வதால்தான் எங்கள் ஆளுக்கு ஆப்பராக்காரர் என்று பேர்.

“அது மேடையேறுன முத நாளே கட்சி மேலிடத்து ஆளு ஒருத்தரு பாதியில எந்திரிச்சுப் போயிட்டாருங்களாமா. மக்கா நாளு சிநேகிதக்காரங்க எல்லாம் இவரைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்களாமா” என்பார் ஆப்பராக்காரர்.

அப்புறம் அந்த இசையமைப்பாளர் வயிற்றுப்பாட்டுக்குச் சினிமாவுக்கு இசையமைத்தாராம். லிஃப்ட் சத்தம் கேட்டால், போலீஸார் பிடித்துப்போக வருகிறார்களோ என்று பியானோவில் கை நின்றுவிடுமாம். கடைசி ஆப்பரா மேடையேறவே இல்லை. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் நம் ஆப்பராக்காரருக்கு மட்டும் பாடிக் காட்டினாராம்.

பாட்டோடு பயமும் ஒட்டிக்கொண்டு கோவை வந்துவிட்டது. எங்கள் லிஃப்ட் நகர்ந்தால் ஆப்பராக்காரர் வாயில் போட்ட வடையைக்கூட மெல்ல மாட்டார்.

போன வருஷம் தொண்டாமுத்தூரில் என் மச்சான் தோப்புக்கு அவரை அழைத்துப் போனேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒற்றை யானை உள்ளே வந்துவிட்டது. நாங்கள் தோப்பு வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். தோப்பில் வேலை செய்யும் மாரக்கா மட்டும் மோட்டார் ரூமில் மாட்டிக்கொண்டார். அதற்குக் கதவுகூட இல்லை. யானை அதை நோக்கி நடந்தது. மச்சான் தகரத்தைத் தட்டினார். அது சட்டை செய்யவில்லை.

திடீரென்று பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது. ஆப்பராக்காரர்! கண்களை இறுக மூடி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ரஷ்ய மொழியில் அடிவயிற்றிலிருந்து பாடினார்.

யானை திரும்பியது. நேராக வந்து எங்களுக்குக் கீழே நின்று தும்பிக்கையைத் தூக்கியது.

“நிறுத்துங்க சாமீ!” என்று கெஞ்சினேன். அவர் நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் மாரக்கா மோட்டார் ரூமிலிருந்து ஓடிவந்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் விழுந்தார். யானை கொஞ்சம் நின்றுவிட்டு, ஒரு வாழையை முறித்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனது.

“ஏனுங்க, உங்களுக்குப் பயமே வரலீங்களா?” என்றார் மாரக்கா.

“உசுரே போயிருச்சு அம்மணி. பயந்துட்டேதான் பாடுனேன். இந்தப் பாட்டை எழுதுனவரும் பயந்துட்டேதான் எழுதுனாரு.”

திரும்பும் பஸ்ஸில் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊர் வந்து இறங்கி நடந்தபோது அவர் பிடி தளர்ந்திருந்தது. விடாமல் பிடித்திருந்தது நான்தான்.