மீனுக்குப் பிழை திருத்தியவன்

ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நாசமாக்குவது என்று சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தேன். சாதாரண நாசம் இல்லை. இனி என் ஆயுசுக்கும் யாரும் என்னை அடுப்புப் பக்கம் அண்டவிடக் கூடாது. அப்படி ஒரு நாசம்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கல்யாணமாகிப் பதினொரு வருஷமாக ஞாயிறு மத்தியானத்தில் நான் பார்த்த ஒரே வேலை, சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்வதுதான். போன மாசம் அவளுடைய பயிற்சிப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைத்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்பி வர மத்தியானம் ஒரு மணி. மூன்று ஞாயிறு ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினோம். நாலாவது வாரம் தீர்ப்பு வந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியான சமையல் இனிமே உங்களுது."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே!"

"பொறக்கும்போது எனக்கும் தெரியாது."

"வாரம் பூரா வேலை பாக்கறேன். ஒரு நாள் ரெஸ்ட் வேண்டாமா?"

"வேணும். எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க."

"நான் செஞ்சா வாயில வைக்க முடியாதும்மா."

"வைக்கல. நேரா முழுங்கிடறோம்."

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊரில் யார் எழுதினாலும் தப்புக் கண்டுபிடிப்பேன். வீட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், அவள் கண்டுபிடிப்பாள்.

கீழ்வீட்டில் குழாய் ரிப்பேர் செய்பவர் ஒருவர் இருக்கிறார். மாடிப்படியில் அவரைப் பிடித்து முறையிட்டேன்.

"சார், எங்க வீட்லயும் இப்படித்தான்," என்றார் குழாய்க்காரர். "துணிக்கு இஸ்திரி போடச் சொன்னாங்க. ஒரே ஒரு தடவை போட்டேன். கல்யாணத்துக்குப் போட்டுக்க வெச்சிருந்த துணி. முதுகுல ஜன்னல் வெச்சுட்டேன். அதோட சரி. இப்ப இஸ்திரிப் பெட்டியைத் தொட்டாலே 'ஐயோ, நீங்க வேண்டாம்'ங்கறாங்க."

"அப்ப நான் உப்பை அள்ளிக் கொட்டிடட்டுமா?"

"கெடுத்தீங்க! வேணும்னே செஞ்சதுன்னு தெரிஞ்சிடும். அவங்க எப்படிச் செய்யச் சொல்றாங்களோ, அதுக்கு அப்படியே தலைகீழாச் செய்ங்க. கேட்டா, எனக்கு அப்படித்தான் புரிஞ்சுதுன்னு சொல்லிடுங்க. திருடனைத் திட்டலாம், புரியாதவனை என்ன சார் பண்ண முடியும்?"

பெரிய மூளை. குழாய்க்குள் கிடந்து வீணாகிறது.

நானும் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். நாசம் நடந்தால் போதாது, சாட்சி வேண்டும். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், ஹோட்டல் சமையலறைகளைச் சோதனை போடும் அதிகாரி. பிடிக்கவில்லை என்றால் கதவைச் சாத்திச் சீல் வைத்துவிடுவார். சொந்தக்காரர்கள் அவரைச் 'சீல்' என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு வாய் வைத்து முகம் சுளித்தால் என் சமையலறை வாழ்க்கைக்கும் சீல்தான். போன் போட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

"எங்கண்ணனையா? நீங்களா?" என்றாள் மனைவி.

"ஏன், சொந்தபந்தம் வேண்டாமா? நாளைக்கு என்ன சமைக்கட்டும், சொல்லு."

"வெள்ளை மீன் வாங்கி வெச்சிருக்கேன். முள்ளு எடுத்தது. அதுக்கு மேல ஊத்த புதினா, கொத்தமல்லி, பூண்டு போட்டு ஒரு பச்சை சாஸ்."

அவள் சாஸ் என்றாள். எனக்குச் சான்ஸ் என்று கேட்டது.

"எப்படிச் செய்யறதுன்னு விவரமா எழுதிக் குடுத்துடறியா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புதிதாகக் கார் கற்க வருபவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் விதத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எழுதிடறேன்," என்றாள்.

மறுநாள் பத்தரை மணிக்கு அவள் எழுதி வைத்த காகிதத்தை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு வேலையில் இறங்கினேன்.

'மீனைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டச் சட்டியில் போடவும்.' அப்படியா? ஒரு சுத்தமான துணியை எடுத்தேன். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி ஒற்றி உலர்த்தினேன்.

'சட்டி சூடாகும் முன்பே போடவும்.' சட்டியை அடுப்பில் வைத்து, எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மீனைப் போட்டதும் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். பயந்து இரண்டடி பின்னால் போனேன். நாசம் நன்றாகத் தொடங்கியிருந்தது.

'பத்துத் தடவையாவது புரட்டவும்.' ஒரே தடவை புரட்டினேன்.

'நாற்பது நிமிஷம் வேகட்டும்.' நாலே நிமிஷம். இறக்கிவிட்டேன்.

'ஒரு கை நிறைய உப்பு.' ஒரு சிட்டிகை.

'தழைகளைப் பச்சை நிறம் போகிறவரை கொதிக்கவைக்கவும். எண்ணெய் தேவையில்லை. எலுமிச்சை வேண்டவே வேண்டாம்.' தழைகளை அடுப்பின் வாடையே படாமல் பச்சையாக நறுக்கினேன். பூண்டை நசுக்கிப் போட்டேன். எண்ணெயைத் தாராளமாக விட்டேன். ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் தப்புச் செய்ததே கிடையாது.

நடுவில் நல்ல வாசனை ஒன்று வந்தது. கொஞ்சம் பதறினேன். கீழ்வீட்டிலிருந்து வருகிறது போல என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு மனைவி வந்தாள். பின்னாலேயே சீல் மச்சான். மூன்று பேரும் உட்கார்ந்தோம். பச்சை சாஸை மீன்மேல் ஊற்றினேன். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மீனைக் கரண்டியால் தொட்டார். அது இதழ் இதழாகப் பிரிந்தது. உள்ளே பால் மாதிரி வெளுப்பு. ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். "சொல்லுங்க மச்சான். குடும்பம்னு பாக்காதீங்க. கடமையைச் செய்ங்க."

"மாப்பிள்ளை..."

"தைரியமாச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

"இன்னொரு துண்டு இருக்கா?"

அவசரமாக ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். மேலே முறுகல், உள்ளே வெண்ணெய். புதினா ஒரு பக்கம், எலுமிச்சை ஒரு பக்கம். எனக்கே பிடித்துப்போனது. அதுதான் பெரிய அவமானம்.

"இருபது வருஷமா எத்தனையோ சமையல்காரங்களைப் பாத்துட்டேன்," என்றார் மச்சான், தட்டை வழித்துக்கொண்டே. "மீனை எப்ப இறக்கணும்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேரோ மூணு பேரோதான். வாரா வாரம் வந்துடறேன் மாப்பிள்ளை."

சொன்னதோடு நிற்காமல் சாஸ் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டுத்தான் போனார். கதவு சாத்தியதும் காகிதத்தை அவள்முன் நீட்டினேன்.

"இதுல எழுதினதெல்லாம்..."

"ஒண்ணு கூடச் சரியில்ல," என்றாள் அமைதியாக. "அப்படியே செஞ்சிருந்தா மீன் களியாயிருக்கும்."

"தெரிஞ்சேவா எழுதினே?"

"என்கிட்ட கார் கத்துக்க வர்றவங்கள்ல சில பேர் இருக்காங்க. லெஃப்ட்டுன்னா ரைட்டுல ஒடிப்பாங்க. அவங்களுக்கு லெஃப்ட்டுல போகணும்னா நான் ரைட்டுன்னுதான் சொல்லுவேன். பதினொரு வருஷமா அப்படி ஒருத்தரோட குடும்பம் நடத்தறேனே, எனக்குத் தெரியாதா? அதுவும் எங்கண்ணனை நீங்களாக் கூப்பிடறீங்க. விவரமா எழுதிக் குடுன்னு கேக்கறீங்க."

பிழை செய்யப் போனவன் ஒரு பக்கம் முழுக்கப் பிழை திருத்திக் கொடுத்திருக்கிறேன். அதுவும் சம்பளமில்லாமல், லீவு நாளில்.

ஆனால் ஒரே குழியில் இரண்டு தடவை விழுகிற ஆள் நான் இல்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொரு காகிதம் வந்தது. இந்தத் தடவை இறால், அதற்கு வேறொரு தழை சாஸ். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் தலைகீழாகத்தானே எழுதியிருப்பாள்? அப்படியானால் எழுதியதை எழுதியபடியே செய்துவிட வேண்டியதுதான். நாசம் உறுதி. ஒரு கமாகூட நகர்த்தாமல், வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் செய்து முடித்தேன்.

மச்சான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். போன வாரத்து மீனைவிட இது ஒரு படி மேல் என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன்.

"இந்த வாரம் சரியாவே எழுதிட்டேங்க," என்றாள்.