காற்றில் விழும், மழையில் ஒழுகும்

பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடினால் திருடன் என்று நினைப்பார்கள். திருடவில்லை; என்னை நம்பிய பந்தல்காரர் ஏழுமலை அண்ணனின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். செங்கல் சூளை, பரோட்டாக் கடை, லாரி கிளீனர் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பெருக்கப் போய், பார்த்துப் பார்த்தே வெப்சைட் செய்யக் கற்றிருந்தேன். (கற்றதாக நான்தான் சொல்லிக்கொண்டேன்.) முதல் கிராக்கி ஏழுமலை அண்ணன்.

லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சின்னப் பெட்டி ஒன்று வருமே, படம், தலைப்பு, கீழே ஒரு வரி? அது தானாக வராது. பக்கத்துக்குள் மெட்டா டேக் என்ற மறைகுறிப்பைப் போட்டு நாம்தான் எழுதி வைக்க வேண்டும். நான் மேடைப் பேச்சு மாதிரி எழுதினேன்: "எங்கள் பந்தல் காற்றில் விழும், மழையில் ஒழுகும் என்ற பேச்சுக்கே இடமில்லை."

தமிழில் 'இல்லை' கடைசியில்தான் வரும். பெட்டிக்கு அதுவரை பொறுமை இல்லை. 'ஒழுகும்…' என்பதோடு வெட்டிவிட்டது. அதைப் பார்க்காமலே சுற்றுவட்டார கொம்யூன் ஊர்கள் முழுக்க எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டேன்.

குருவிநத்தம் தண்டபாணி ஐயா வீட்டுக் கல்யாணம்தான் அந்த ஐப்பசியில் அண்ணனுக்கு இருந்த ஒரே பெரிய வேலை. ஐயா வேறு ஆளைத் தேடுவதாகச் செய்தி வந்தது. அண்ணன் போன் செய்தார்.

"டேய், இன்னாடா எழுதி வச்ச?"

"ஒழுகாதுன்னுதாண்ணா எழுதனேன். கடைசில 'இல்லை' இருக்குது."

"எங்கடா இருக்குது?"

"உள்ள இருக்குதுண்ணா. அமுக்கனா வரும்."

"ஊர்ல எவன்டா அமுக்கறான்!"

பக்கத்துக்குள் இருந்த முழு வரியை அப்படியே விட்டு, பெட்டிக்கான வரியை மட்டும் திருத்தினேன். ஆனால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பெட்டிகள் அப்படியே ஒழுகிக்கொண்டிருந்தன. பையை எடுத்தேன்.

வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது.

"ஏறுடா," என்றார் அண்ணன். அடிப்பார் என்று நினைத்தேன். நேராகக் குருவிநத்தம் கொண்டுபோனார்.

தண்டபாணி ஐயா போனை நீட்டினார். "முழுசா படி தம்பி."

லிங்கை அமுக்கி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உரக்கப் படித்தேன். கடைசி வார்த்தை வந்ததும் கல்யாணப் பெண் உள்ளேயிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, பந்தல இவுரே கட்டட்டும்பா!"

ஐயாவும் சிரித்துவிட்டார். "சரி ஏழுமல, நீயே கட்டு. ஆனா எழுதன ஆளு கல்யாணம் முடியறவரிக்கும் கொட்டாயிலயே இருக்கணும். ஒழுகனா இவன்தான் மேல ஏறி அடைக்கணும்."

இன்றும் எங்கள் வீட்டில் நான் எதையாவது சுற்றி வளைத்துச் சொன்னால், இந்தக் கதையைக் கேட்டிருக்கும் என் மனைவி என் நெற்றியில் விரலை வைத்து அமுக்குவாள். "இப்ப வருதா பாக்கலாம்."

குருவிநத்தத்தில் அதற்கு மறுநாள் காலை சவுக்குக் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து தகரம் கட்டிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஐயா கேட்டார்: "தம்பி, கட்டு கெட்டியா இருக்குதா?"

'அவிழும் என்ற பேச்சே இல்லை' என்று சொல்ல வந்தவன், முந்தைய நாள் பயத்தில், "இல்ல!" என்று முதல் வார்த்தையாகவே கத்திவிட்டேன்.