தாய்மாமன்மார்கள், ஒரே வரியில்

படித்தவன் செய்கிற தப்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது தப்பு என்று ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியாகத்தான் அவனுக்குத் தெரியும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் அண்ணன் மகள் யாழினியின் காதுகுத்தில், நாலு பேர் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அப்போது குளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்புக்குப் பொதுப்பெயரான காமன் நவுன், தனிப்பெயரான ப்ராப்பர் நவுன், அது முடிந்ததும் ஜெண்டர். 'கிங் – குயின், அங்கிள் – ஆன்ட்டி' என்று பலகையில் எழுதி, ஆண்பால் இந்தப் பக்கம், பெண்பால் அந்தப் பக்கம் என்று நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டால் உலகமே ஒழுங்காகிவிட்டதாக எனக்குத் தோன்றும். (நாலு மாச வாத்தியார் வேலை ஒரு ஆளை இந்த அளவுக்குக் கெடுக்கும்.)

அண்ணனுக்கு அறுவடை நேரம். "பத்திரிகைய நீயே பாத்து அடிச்சிருடா, வாத்தியாராச்சே" என்று பழைய பத்திரிகை ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் விசேஷம் என்ன, எங்கே என்பதெல்லாம் நாலே வரி. மிச்சம் முழுக்கப் பெயர்கள். தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அவரவர் ஊர், வெளிநாட்டில் இருந்தால் அந்த நாடு. அச்சகத்தில் உட்கார்ந்து எண்ணினேன். எழுபத்து மூன்று பெயர். என் படிப்புக்கு அது பொறுக்கவில்லை. அத்தனையையும் வெட்டிவிட்டு, 'தாத்தாக்கள் – பாட்டிகள், சித்தப்பாக்கள் – சித்திகள், மாமாக்கள் – அத்தைகள்' என்று வகுப்புப் பலகையை அப்படியே இறக்கி வைத்தேன். தாய்மாமன்மார்களுக்கு மட்டும் மரியாதையாகத் தனி வரி, பெயர் இல்லாமல். கீழே, 'அன்புடன் அழைக்கும் ப. இளங்கோ, எம்.ஏ., பி.எட்.' (குழந்தையையும் பெற்றவர்களையும் தவிர்த்தால், அந்தத் தாளில் மிஞ்சிய ஒரே ப்ராப்பர் நவுன் நான்தான்.)

அச்சாகி வந்த பத்திரிகைக் கட்டைப் பிரித்ததும் அண்ணியின் முகம் மாறியது.

"தம்பி, எங்க அண்ணன் தம்பி பேரெல்லாம் காணமே?"

"தாய்மாமன்மார்கள்னு போட்டிருக்கே அண்ணி. அது காமன் நவுன். எல்லாரும் அதுல அடக்கம்."

அண்ணி பத்திரிகையைத் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து வைத்தார். பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காதுகுத்தன்று கறம்பக்குடிப் பக்கமிருந்து அண்ணியின் சகோதரர்கள் மூன்று பேரும் கொட்டுமேளத்தோடு, சீர்த்தட்டுகளோடு வந்தார்கள். எங்கள் தெருமுனை வரை வந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள். மேளமும் நின்றது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நகை செய்கிற பத்தர் கம்பியோடு பந்தலில் காத்திருந்தார். நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. யாழினி பட்டுப்பாவாடையில் வந்து "மாமா ஏன் அங்கிட்டே நிக்கிறாங்க?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி பந்தக்காலைப் பிடித்தபடி நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பத்திரிகைய நீதானடா அடிச்ச. நீயே போய்க் கூட்டியா" என்றார் அண்ணன்.

போனேன். மூத்தவர் செல்வராசு மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் ரெங்கசாமி மச்சான் மேளக்காரரிடம் வெற்றிலை கேட்டு வாங்கினார். கடைசியில் நின்றவர் இளையவர் முத்துக்குமார் மச்சான். இந்த விசேஷத்துக்கென்றே மூன்று வருடம் கழித்துக் குவைத்திலிருந்து வந்தவர். அவரிடமும் (வெக்கங்கெட்டுப் போய்) அதே பாடத்தை நடத்தினேன்.

"மச்சான், தாய்மாமன்னு போட்டாலே நீங்க மூணு பேருந்தானே? ஊருக்குத் தெரியாதா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மாப்ள, அங்க கம்பெனியில எனக்கு நம்பர்தான். சட்டையிலயும் நம்பரு, கட்டில்லயும் நம்பரு. கூப்புடுறதுன்னா டிரைவர்னு கூப்புடுவாங்க. எம்பேரு அச்சுல வர்றது எங்க அக்கா வீட்டு விசேஷத்துல மட்டுந்தான். அதப் பாக்கத்தான் லீவு போட்டு வந்தேன்."

என்னை நானே அவ்வளவு கேவலமாக நினைத்த நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"கால்ல விழட்டுமா மச்சான்?"

"கால்ல விழுந்து என்னாகப் போகுது?" மூத்தவர் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "எல்லார் பேரும் போட்டுப் பத்திரிகைய மறுபடி அடி. வச்ச வீட்டுக்கெல்லாம் நீயே கொண்டுபோய் மறுபடி வையி."

"விசேஷம் இன்னைக்கோட முடிஞ்சிருமே மச்சான்?"

"முடியட்டும்."

சீர்த்தட்டு வெற்றிலையைத் தொட்டுச் சரி என்று சொன்னேன். மேளம் மறுபடி ஆரம்பித்தது. மூத்தவர் விட்டுக்கொடுக்க, யாழினி சின்ன மாமன் மடியில் உட்கார்ந்து தெருவே அதிர அலறினாள். அண்ணி அப்போதுதான் அழுதார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் பைக்கில் பத்திரிகைக் கட்டோடு கிளம்பினேன். தட்டு, வெற்றிலை, பாக்கு, குங்குமம், எல்லாம் முறைப்படி. தேதி மட்டும்தான் போய்விட்டது.

"ஏந்தம்பி, காதுகுத்துக்கு வந்து சாப்புட்டும் வந்துட்டமே?"

"பேரைப் பாருங்க" என்பேன் தரையைப் பார்த்துக்கொண்டு.

முதலில் சிரிப்பார்கள். பிறகு கண்ணாடியைத் தேடுவார்கள். விரல் வரிவரியாக இறங்கி, ஓர் இடத்தில் நிற்கும். ஆவூரில் ஓர் அத்தை தன் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு எனக்கு மோர் கொடுத்தார். முடிந்துபோன விசேஷத்தின் பத்திரிகை எதற்கு என்று ஒரு வீட்டில்கூட யாரும் திருப்பித் தரவில்லை. முத்துக்குமார் மச்சான் ஒன்றைக் குவைத்துக்கு எடுத்துப் போய்க் கட்டிலுக்கு மேல் ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார். வகுப்பில் காமன் நவுன் பாடம் வந்தால் இன்றும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

யாழினி இப்போது ஒன்பதாம் வகுப்பு. சொந்தக்காரர் வீடு எதற்குள்ளும் நான் சாதாரணமாக நுழைய முடிவதில்லை. போகிற வழியில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு நின்றாலும் உள்ளிருந்து குரல் வரும்:

"வாங்க வாத்தியாரே, எந்த விசேஷம் முடிஞ்சுச்சு?"