ஒயில் ஃபில்டரில் மாட்டிய கலியாண மோதிரம்

முப்பத்தொரு வயதுவரை 'தெரியாது' என்ற சொல்லை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பாதை தவறினால் ஒஸ்லோவில் நான் இருக்கிற ரொம்சோஸ் முழுக்க இரண்டு தரம் சுற்றி வீடு போய்ச் சேர்வேனே தவிர, வாய் திறந்து வழி கேட்கமாட்டேன். (கேட்டால் மதிப்புக் குறைந்துவிடுமாம். அந்த மதிப்பு எங்கே இருந்தது என்று என் மனைவி இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறாள்.)

மனைவி மலர் அப்போது என்னோடு இல்லை. இலங்கையில் போர் நின்றிருந்த சமாதானக் காலத்தில் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டி, பதினெட்டு நாள் சேர்ந்திருந்துவிட்டு நான் ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டேன். அவள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தாள். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால்தான் அவளுக்கு விசா. பதினான்கு மாதமாக என்னிடம் இருந்தவை தொலைபேசியில் அவளுடைய குரலும், விரலில் அவள் போட்டுவிட்ட மோதிரமும்தான். "நீர் வரும்வரைக்கும் இதைக் கழட்டமாட்டன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். றொட்டிக்கு மாக் குழைக்கும்போதுகூடக் கழற்றவில்லை. பிறகு குண்டூசியால் மாவைத் தோண்டி எடுப்பேன். அவளை நினைத்துக்கொண்டு செய்வதால் அந்த வேலையும் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மாசி மாதம், ஒரு கராஜில் என்னை ஏழு நாள், ஒரு கிழமை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். சரிவந்தால் நிரந்தரம். காட்டுக்குள் இருக்கிற விடுதிகளுக்குப் பனியில் சாமான் ஏற்றிப்போகும் ஸ்னோ ஸ்கூட்டர்களைத் திருத்தும் இடம் அது. முதலாளி பெரித் என்ற நோர்வேப் பெண்மணி. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

"ஸ்னோ ஸ்கூட்டர் திருத்தியிருக்கிறாயா?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் நான் திருத்தியது தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின். "ஏறக்குறைய அதே மாதிரி ஒன்று" என்றேன். கூசாமல் சொன்னேன்.

கராஜின் ஒரு சுவர் முழுக்க ஸ்பானர், சுத்தியல் என்று வேலை ஆயுதங்கள் ஆணிகளில் தொங்கின. ஒவ்வொன்றைச் சுற்றியும் அதன் உருவம் கறுப்பு மையால் கீறியிருந்தது. "உருவம் வெறுமையாக இருந்தால் அந்தச் சாமானை யாரோ எடுத்து வேலை செய்கிறார், பாவனையில் இருக்கிறது. தொலைந்துவிட்டது என்று யாரும் தேடவேண்டாம்" என்றார் பெரித். "இன்னொன்று, மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மோதிரத்துக்கு மேலாக ரப்பர் கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் வேலை ஒரு வண்டிக்கு ஒயிலும் ஃபில்டரும் மாற்றுவது. பின்னேரம் விடுதிக்காரர் வண்டி எடுக்க வருவார். ஒயிலை வடித்துவிட்டேன். ஃபில்டரோ எஞ்சினுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில், ஆழத்தில் குந்திக்கொண்டிருந்தது. கை போனால் கண் போகாது, கண் போனால் கை போகாது.

ஃபில்டர் கழற்ற மட்டும் சுவரில் நாலு விதமான ஆயுதங்கள் இருந்தன. ஒரு தோல் பட்டி, மூன்று கால் நண்டு மாதிரி ஒன்று, ஃபில்டரின் தலையில் கவிழ்க்கிற கிண்ணம் ஒன்று, முழ நீளப் பிடியோடு ஒரு சங்கிலி. ஊரில் சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி எதையும் கழற்றியவன் நான். தெரிவு செய்யும் நிலைமை எனக்கு வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. எது சரி என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்பேனா? கிண்ணத்தைப் பார்க்க தேத்தண்ணிக் கோப்பை மாதிரி இருந்தது. எனக்கு ஏற்றது சங்கிலிதான் என்று முடிவெடுத்தேன்.

சங்கிலியைத் தடவித் தடவி ஃபில்டரைச் சுற்றினேன். பிடியை முழுப்பலத்தோடு இழுத்தேன். அரை அங்குலம் அசைந்து பிடி சட்டத்தில் போய் இறுகிக்கொண்டது. ஃபில்டர் நசுங்கியது. கையை எடுக்கப் பார்த்தால் கை வரவில்லை. கையுறையைக் கிழித்துக்கொண்டு சங்கிலியின் கண்ணி ஒன்று மோதிரத்துக்குள் புகுந்திருந்தது.

பத்து நிமிடம் சீட்டியடித்துச் சமாளித்தேன். விரல் வீங்கத் தொடங்கியது. பெரித் வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"மோதிரம்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"வெட்டவா?"

"ஐயோ, வேண்டாம்."

"சவர்க்காரம் போட்டு விரலை இழு. மோதிரம் கிடக்கட்டும்."

"அதுவும் ஏலாது. எஞ்சினைக் கழற்றுவோமா?"

பெரித் என்னைப் பார்த்த பார்வையில் என் நிரந்தர வேலை, மலரின் விசா எல்லாம் கதவைத் திறந்துகொண்டு வெளியே பனிக்குள் போவது எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து என் கைத்தொலைபேசி அடித்தது. பெரித்தே என் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் காதில் பிடித்தார்.

"என்னப்பா, வேலை எப்பிடிப் போகுது?" மலர்தான். காசு கட்டிப் பேசுகிற கொம்யூனிகேஷன் கடையிலிருந்து எடுத்திருந்தாள்.

"திறமாப் போகுது."

"விரல் நீலமாகிறது" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார் பெரித்.

"ஆரப்பா அந்தப் பொம்பிளை? காதுக்குக் கிட்டக் கதைக்கிறா."

"முதலாளியம்மா. போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

"ஏன், உங்களுக்குக் கை இல்லையோ?"

அதற்கு மேல் பொய் வரவில்லை. சங்கிலி, மோதிரம், வாக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மலர் சிரித்தாள். பதினெட்டு நாளும் பக்கத்தில் கேட்ட அதே சிரிப்பு. அதைக் கேட்டதும் அழுகை இன்னும் கூடியது.

"விசாவுக்கு வேலை வேணும், வேலைக்கு விரல் வேணும்" என்றாள். "கழட்டுங்கோ. நான் வந்து போட்டுவிடுறன்."

பெரித் பாத்திரம் கழுவும் திரவத்தை அரைப் போத்தல் ஊற்றினார். தோல் கொஞ்சம் போய் விரல் வெளியே வந்தது. பிறகு அவர் பிடியைத் தட்டித் தளர்த்தி, மோதிரத்தோடு சங்கிலியை எடுத்தார். ஃபில்டரின் தலை நசுங்காமல் தப்பியிருந்தது. கிண்ணத்தை நீளமான கம்பியில் பொருத்தி அதன்மேல் கவிழ்த்தார். இரண்டு திருகு. ஃபில்டர் கையோடு வந்தது.

"ஏன் கேட்கவில்லை?"

"எனக்குத் தெரியாது" என்றேன். முதல் தடவையாக அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. "இந்த வண்டியை இன்றைக்குத்தான் முதன்முதல் கிட்ட நின்று பார்க்கிறேன்."

அவர் மோதிரத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "அவள் வந்து போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்" என்றேன். அவர் சுவரில் வெற்று ஆணி ஒன்றில் அதைத் தொங்கவிட்டு, சுற்றிக் கறுப்பு மையால் ஒரு வட்டம் கீறினார். "நாளைக்கு எட்டு மணிக்கு வா. வந்து கேள்" என்றார்.

வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக் கடிதம் தந்தார். விசா வர மேலும் எட்டு மாதம் எடுத்தது. ஒவ்வொரு நாள் காலையும் ஆயுதம் எடுக்கப் போகும்போது முதலில் அந்த ஆணியைத்தான் பார்ப்பேன். விரலில் இருந்தபோது இல்லாத பாரம் அது சுவரில் தொங்கியபோது இருந்தது. ஐப்பசியில் மலர் வந்து இறங்கிய மறுநாளே அவளைக் கராஜுக்குக் கூட்டிப்போனேன். எட்டாத ஆணியை எட்டி, தானே மோதிரத்தை எடுத்துப் போட்டுவிட்டாள்.

பெரித் அந்த வட்டத்தை அழிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபின் கராஜைப் பார்ப்பது நான்தான். நானும் அழிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்கள் எந்தச் சாமான் தொலைந்தது என்று கேட்பார்கள். தொலையவில்லை, பாவனையில் இருக்கிறது என்பேன்.

வீட்டில்தான் கதை வேறு. கோப்பை கழுவாமல் விட்டால், சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், வழி கேட்காமல் பக்கத்து நகரம் திராமன் வரை காரை விட்டால் மலர் என் விரலைத் தொட்டுக் கேட்பாள்:

"திருப்பி அந்த ஆணியிலை கொழுவுறதோ?"