ஜெபல் சக்ரோவிலிருந்து வெறுங்கையோடு

அன்பும் கோபமும் ஒருங்கே நிறைந்த மீனாட்சி அக்காவுக்கு, ஜார்ஜ் டவுனிலிருந்து தம்பி நல்லமுத்து வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. செபராங் ஜெயாவில் உங்கள் வீட்டுக்கு நேரில் வந்தாலும் கதவு திறக்காது என்று உங்கள் மகன் கிஷன் சொல்லிவிட்டான். ஆகவே கடிதம்.

“மொரோக்கோவுக்குப் போயி உன் மகளைக் கையோட கூட்டிக்கிட்டு வா” என்று அனுப்பினீர்கள். வெறுங்கையோடு வந்திருக்கிறேன். நடந்ததைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ரூபினி வாழ்க்கைப்பட்ட அந்த ஜெபல் சக்ரோ மலையே இல்லை அக்கா, யாரோ ஆத்திரத்தில் உடைத்துப் போட்ட கருங்கல் குவியல். மரம் கிடையாது, நம் ஊர்க் கொடிமலை மாதிரி மேலே ஏற ரயிலும் கிடையாது. துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்தே வயதானவன், எனக்கு உயரம் பழக்கம் என்று மருமகன் ஜாஹிரிடம் பெருமையடித்தேன். ரூபினி மொழிபெயர்த்தாள். உடனே அவர் என்னைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிவிட்டார். கிரேன் தும்மாது. இது தும்மியது. என் மூக்குக்கண்ணாடி பள்ளத்தாக்கில் போய்விட்டது. ஜாஹிரின் ஆட்கள் ஆயித் அத்தா என்ற குலம். 1933இல் பிரெஞ்சுக்காரனின் விமானம், பீரங்கி எல்லாவற்றையும் எதிர்த்து, பெண்டு பிள்ளை ஆடுகளோடு இந்தப் பாறைகளுக்குள் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தார்களாம். அவர் கைகாட்டிய பக்கமெல்லாம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது, மரியாதைக்குத் தலையாட்டினேன். பீரங்கிக்கே அசையாதவர்களிடமிருந்து நான் எப்படி ஒரு பெண்ணை அழைத்துப்போவது என்ற கவலை வேறு.

ஒற்றையடிப் பாதையில் கழுதை நின்றுவிட்டது. ஜாஹிர் அவர் பாஷையில் கெஞ்சினார், கயிற்றை இழுத்தார். அது அசையவில்லை. கீழே அதலபாதாளம். பயத்தில், “டேய், நகருடா, விழுந்துடுவேன்டா” என்று கத்திவிட்டேன். கழுதை நடந்தது. ஜாஹிர் விழுந்து விழுந்து சிரித்தார். ரூபினி சிரிக்கவில்லை.

“இதுக்குத் தமிழ் தெரியுமாம்மா?”

“தெரியும்பா. நான்தான் பேசுவேன்.”

“கழுதைகிட்டயா?”

“வேற யாருகிட்டப்பா பேசுறது? இங்க போன் லைனும் கிடைக்காது. ஜாஹிர் ரொம்ப நல்லவர்லா. ஆனா கோபம் வந்தா, பசிச்சா, எனக்குத் தமிழ்தானே வருது. இது காது கொடுத்துக் கேட்டுக்கும்.”

அப்போதுதான் கேட்டேன் அக்கா, கேட்காமல் இல்லை. “வீட்டுக்கு வந்துடும்மா.”

“இதுதான்பா வீடு” என்றாள், என் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே.

கிளம்பும் நாளில் மலையடிவாரம்வரை கூடவே நடந்து வந்தாள். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட் பூக்கடை, ஃபெரியில் அடிக்கும் காற்று, நீங்கள் வைக்கும் மீன் குழம்பு. நான் “ம்” மட்டும் கொட்டினேன். அவள் “அப்புறம்பா, ஒரு நாளு நான்...” என்று ஆரம்பிக்கும்போது நான் ஏறிய ஜீப் புறப்பட்டுவிட்டது. ஒரு நாள் என்ன செய்தாள்? இங்கே படகுத்துறை ஜெட்டிப் பக்கம் நடக்கப் போனால் அதைத்தான் யோசிக்கிறேன், இரண்டு தடவை மோட்டார்சைக்கிள்காரனிடம் திட்டு வாங்கினேன்.

போகட்டும். இனி அந்த மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். என் முழங்கால்மேல் ஆணை. அவள் வாழ்க்கை அவளுக்கு, நம் வயது நமக்கு.

கிஷனுக்கு என் ஆசிகள். உங்கள் ரத்த அழுத்தத்தையும் தாழ்ப்பாளையும் தண்ணீர்மலை முருகன் இறக்கி வைக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கத் தயாராக இருக்கும் தம்பி,
நல்லமுத்து

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தபால் பெட்டிக்குப் போகிற வழியில் கால் தானாக விமான டிக்கெட் கடைக்குள் ஏறிவிட்டது. பங்குனியில் பயணம், இரண்டு இருக்கை, ஜன்னலோரம் உங்களுக்கு. உங்களுக்கு வாய் ஓயாது என்று ஊரே குறை சொல்லும். அங்கே ஒருத்தி அதற்குத்தான் ஏங்கிக் கிடக்கிறாள். வாங்கக்கா.