ஹேமந்த்துக்குப் போட்டியா ஒரு ஷெல்ப்

ஹேமந்த்தை ஒழிச்சுக்கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பதறாதீங்க, கொலைக் கேஸ் இல்ல. அவன் டிவில வர்றவன். 'புது வூடு'ன்னு ஒரு நிகழ்ச்சி. இடிஞ்சு விழற வூட்டுக்குள்ள டிரில்லோட போவான். விளம்பரம் முடியறதுக்குள்ள அத அரண்மனையாக்கிட்டு வெளிய வருவான். சட்டையில ஒரு பொட்டு சிமெண்ட் இருக்காது. எரிச்சலா இருக்காதா?

அவன் யார் வூட்ட வேணா கட்டட்டும். என் பொண்டாட்டி வினோதினி எதுக்கு அவன வாயப் பொளந்து பாக்கணும்? பெரிய டிவி ஹால்ல கீது. அதுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல ஒரு செவுரு. அதுல ஜன்னல் மாதிரி திறந்து வுட்டா சமைச்சுக்கினே டிவி பாக்கலாம்னு வூடு கட்டின நாள்லேந்து நச்சரிக்கிறா. "செவுத்துல கை வெச்சா வூடே உக்காந்துடும்"னு நானும் தட்டிக் கழிச்சிக்கினே வர்றேன். அதனால மிளகாப்பொடி டப்பா மேல செல்போனைச் சாய்ச்சு வெச்சு அவனப் பாக்கறா. அதுவும் நான் உள்ள வந்தாப் போதும், சவுண்ட கூட்டுவா.

"இன்னா வேலக்காரன்ங்க! கையா அது?"

"கை எனக்கும் ரெண்டு கீது."

"கீது. ஒண்ணு ரிமோட்டுக்கு, இன்னொண்ணு காபி டம்ளருக்கு."

வயிறு எரிஞ்சுது. நான் ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவன் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கறதுதான் பொழப்பு. நானா ஒரு ஆணி அடிச்சதில்ல. ஒரு தடவ வினோதினி சுட்ட தோசைக்கே சேப்பு ரிஜெக்ட் டேக் மாட்டினேன். அன்னிக்கு ராத்திரி என் சாப்பாடு ரிஜெக்ட் ஆச்சு.

"ஞாயித்துக்கிழம உனக்கு ஒரு ஷெல்ப் மாட்டறேன்"னேன்.

"உங்களாலயா? வேணாங்க. ஹேமந்த்தா இருந்தா..."

"அவன் பேர எடுக்காத! எந்தச் செவுத்துல வேணும், சொல்லு!"

"அந்த நடு செவுத்துல. அவனா இருந்தா அங்கதான் மாட்டுவான். கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."

டிரில் கேக்க மெயின்டனன்ஸ் அருள்பாண்டிகிட்ட போனேன். திருநெல்வேலிப் பையன்.

"அண்ணே, இது தரைய ஒடைக்கிற மிசினுல்லா! சின்னது ஒண்ணு தாரேன்."

"டிவில ஒருத்தன் வெச்சிக்கினு கீறான். அத விடப் பெருசா குடு."

ஞாயித்துக்கிழம நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாலயே வினோதினி டப்பாவெல்லாம் எடுத்து வெச்சிட்டா. ஹால்ல சோபா மேல பழைய போர்வை போத்திட்டா. புருஷன் வேலைக்கு இன்னா மரியாதைன்னு எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு.

மிசின வெச்சு ஒரே அழுத்து. ஒரு செங்கல் அந்தப் பக்கம் குதிச்சுது. அத மறைக்கலாம்னு பக்கத்துல வெச்சு அழுத்தினேன். அது போகும்போது மூணு கூட்டாளிங்களக் கூட்டிக்கினு போச்சு. தூசி அடங்கினப்ப, சமையல்கட்டுல நின்ன எனக்கு எங்க வூட்டு சோபா தெரிஞ்சுது. ஐயோன்னு தலையில கை வெச்சேன்.

ஓட்டை வழியா வினோதினி தலை எட்டிப் பாத்துது. இன்னிக்குச் செத்தேன்னு நெனச்சேன்.

"அந்த ஓரத்துல ரெண்டு கல்லு பாக்கி கீது பாருங்க. அதையும் தட்டி வுட்டுடுங்க."

பயத்துல தட்டி வுட்டேன்.

"குவாலிட்டி பாஸ்!"ன்னா. டிவியப் போட்டுட்டு அடுப்பாண்ட ஓடி வந்தா. "அட, இங்கேந்தே தெரியுதுங்க!"

தெரிஞ்சுது. ஹேமந்த்தான். உள்ளங்கை அளவு இருந்த பாவி, இப்ப ஹால் முழுக்கப் பல்லக் காட்டிக்கினு நின்னான். அவனுக்கு ஜன்னல் வெச்சவன் நானு.

வாசல்ல பைக் சத்தம். பிள்ளைப்பாக்கம் கன்னியப்பன் மேஸ்திரி ஒரு நீளக் கல்ல சுமந்துக்கினு உள்ள வந்தாரு. எனக்கு உசுரு வந்துச்சு.

"கடவுள் மாதிரி வந்தீங்க மேஸ்திரி! ஒடனே இத அடைச்சுடுங்க!"

"அடைக்கறதா? ஜன்னலுக்கு அடியில வெக்கிற கல்லு சார் இது. அக்கா போன வாரமே அளவு குடுத்து அறுக்கச் சொன்னாங்க."

"போன வாரமேவா? அப்ப செவுத்த ஒடைக்கிற ஆளு?"

மேஸ்திரி கல்ல கீழ வெச்சுட்டு, என் கையில இருந்த மிசினப் பாத்தாரு.

"அதுக்கு ஆளு வேணாம், வூட்லயே ஒண்ணு சும்மாதான் கீதுன்னு அக்கா சொல்ட்டாங்க சார்."