சர்வேயரின் மனைவியைக் காணவில்லை

"ஏங்க, கைக்குட்டை எடுத்துக்கிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

சர்வேயர் பேராலயத்தின் கோபுரத்தைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

"நானூறு வருஷமாம்! இடது பக்கம் அரை அடி சாய்ஞ்சிருக்கு. ஒருத்தன் கண்ணுலயும் படல."

திரும்பினால் மனைவி இல்லை. ஒவ்வொரு திருவிழாவிலும், புனிதரின் பவனி கிளம்பும் நேரம் பார்த்து அவள் தொலைந்துபோவாள். இந்த முறை அவளுடைய நெஞ்சுவலி மாத்திரை அவர் சட்டைப்பையில் இருந்தது.

வேர்க்க விறுவிறுக்க மைக் அறைக்கு ஓடினார். "என் வீட்டுக்காரியக் காணோம்மா!"

"இந்த வருஷமுமா?" என்றாள் அறிவிப்புப் பெண். "என்ன நிறத்துல உடுத்தியிருந்தாங்க?"

கோபுரத்தின் சாய்வு தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. "மஞ்சள்" என்று அடித்துவிட்டார்.

மஞ்சள் உடுத்திய நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தியின் கணவர் பின்னாலேயே வந்து, "என் சம்சாரத்த நீ எதுக்கய்யா கூப்பிட்ட?" என்று எகிறினார்.

"நிறத்த விடும்மா. குள்ளம், பருமன், வாய் மட்டும் ஓயாதுன்னு சொல்லு."

அறையின் மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"அதெல்லாம் மைக்ல சொல்ல முடியாதுங்கய்யா."

"கொடு இங்க!" பிடுங்கினார். "எங்க இருந்தாலும் அப்படியே நில்லு! ஒரு அடி நகரக் கூடாது!"

பவனி நின்றது. பாட்டு பாதியில் அறுந்தது. புனிதரின் சுரூபத்தைத் தோளில் சுமந்த பன்னிரண்டு பேரும் வெயிலில் சிலையானார்கள். பங்குத்தந்தை கோபுரத்து ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். உத்தரவு இன்னும் மேலேயிருந்து வந்ததென்று நினைத்தாரோ என்னவோ.

"ஐயா, நகரச் சொல்லுங்க!" என்று பதறினாள் அறிவிப்புப் பெண்.

"நகர்ந்தா அவ போயிடுவாளே!"

சுமந்தவர்கள் திட்டிய திட்டு புனிதர் காதிலும் விழுந்திருக்கும். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு கை அவர் முழங்கையைத் தொட்டது.

"ஏங்க, மாத்திரை."

அவள் உடுத்தியிருந்தது நீலம்.

"ஒரு இடத்துல நிக்கத் தெரியாதா உனக்கு?" என்று வீடு வரை திட்டிக்கொண்டே வந்தார். எந்த மூலையில் நின்றாய் என்று மட்டும் கேட்கவில்லை. அத்தனை பெரிய புத்திசாலி.

அந்த மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

அடுத்த திருவிழாவுக்குத் தனியாக வந்தார். கைக்குட்டை எடுத்து வரவில்லை. பவனி கிளம்பியதும் கால்கள் தாமாக மைக் அறைக்குப் போயின. யாரைக் காணோம் என்று சொல்வதென்று தெரியாமல் வாசலில் நின்றார்.

"கேள்விப்பட்டேன்யா" என்றாள் அறிவிப்புப் பெண். எழுந்து திரையை விலக்கினாள். உள்ளே ஒரு மர நாற்காலி.

"வந்து உக்காருங்க. 'வீட்ல நான் இருக்கேனான்னுகூடப் பாக்க மாட்டாரு, வருஷத்துல ஒரு நாளாவது தேடட்டும்'னு சொல்லிட்டு, அம்மா எல்லா வருஷமும் இதுலதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாங்க. நாங்க இன்னும் இத நகர்த்தலய்யா."